ராகலை மேல் கணக்குக்கு முப்பத்தொரு கேள்வியோடு

போன மாசியில் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கொழும்பில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் எப்படிப் போனாய், எங்கே தங்கினாய், குளிரைத் தாங்க முடிந்ததா என்று கேட்கிறார்கள். அதே வேலையாகப் போகவிருக்கும் சிலரும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் தாதிப் பயிற்சி முடித்தவள். எங்களைப் போன்றவர்கள் சிலர் சேர்ந்து தொண்டு வேலை செய்கிறோம். ஒரு மருந்து வேன் கிடைத்தது. மலைநாட்டில் அதை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டும். தோட்டத்து மக்களுக்கு இந்த நாட்டில் வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவர்களிடம் உனக்கு என்ன நோய், என்ன குறை என்று யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? நாங்கள் கேட்போம் என்று கிளம்பினோம். முப்பத்தொரு கேள்விகளை அச்சடித்து ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது ராகலை. வெள்ளிக்கிழமைக்குள் கணக்குக் காட்ட வேண்டும். நோய் அதிகம் உள்ள இடத்துக்கே வேன் போகும், இல்லாத இடத்துக்கு இல்லை. இது பேச்சு.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கோட்டையில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, நாலு ரூபாய் சொச்சம். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நாவலப்பிட்டிக்குப் பிறகு ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும்போது கீழே பார்த்தால், சற்று முன் நாம் வந்த தண்டவாளமே தெரிகிறது. ஹட்டன் தாண்டியதும் நான் கையில் வைத்திருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். அடேயப்பா! கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பச்சை. ஒரு புல் கூடத் தப்பி முளைக்காதபடி மலை முழுவதையும் சீவி வாரி விட்டிருக்கிறார்கள். இத்தனையும் மனிதக் கை செய்தது என்ற நினைப்பில் எதிரே இருந்த அம்மாள் வடை நீட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு கேட்டு வாங்கித் தின்றேன்.

நானுஓயாவில் நாலரைக்கு இறங்கினேன். அங்கிருந்து நுவரெலியா ஐந்து மைல், பஸ்ஸில் இருபத்தைந்து சதம். முன்பு நானுஓயாவிலிருந்து ராகலைக்கே ஒரு சின்ன ரயில் ஓடியதாம். அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கந்தப்பளை வழியாக பஸ்தான், பதின்மூன்று மைல். ஐந்தே முக்கால் பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. கோவாவும் லீக்ஸுமாக மரக்கறி நிரம்பிய சாக்குகள் என் காலை நசுக்கிக்கொண்டிருந்தன.

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார் சாரதி. தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அதில் மேல் கணக்கு என்றேன். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. உச்சியில் இருப்பது மேல் கணக்கு.

"மேல் கணக்குக்கா? அங்க பஸ்ஸு போகாதுங்களே. பஸ்ஸு என்ன, மருந்தே போகாது" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். எனக்கு என்ன தெரியும் அப்போது!

ராகலைக் கடைவீதியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு புடவைக் கடைக்காரர் வீட்டில் தங்கினேன். செவ்வாய் மத்தியானம் இரண்டு மணிக்கு நடக்கத் தொடங்கினேன். வண்டிப் பாதையில் போனால் நாலு மைல், குறுக்கு வழியில் ஏறினால் இரண்டரை. பெரிய வீராங்கனை மாதிரி குறுக்கு வழியைப் பிடித்து, பாதி வழியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, பெற்றவளையும் பயிற்சி கொடுத்தவர்களையும் சேர்த்துத் திட்டினேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த வழியில்தான் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

மேல் கணக்கின் கணக்கப்பிள்ளை எனக்காகக் காத்திருந்தார். வேலையைப் பார்த்துப் பேர் பதிகிறவர் அவர். ஐம்பது வயது, அரைக் காற்சட்டை, கோட்டு. கெட்டவர் இல்லை. என் கேள்வித்தாள் கட்டை வாங்கிச் சுமந்துகொண்டு லயம் லயமாகக் கூடவே வந்தார். ஒரே கூரை, ஒரே சுவர், பக்கத்தில் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகள்: அதுதான் லயம். வேலை முடிந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அடுப்புப் புகை கண்ணைக் கரித்தது.

"வீட்டில் யாருக்காவது நோய் உண்டா?" இது முதல் கேள்வி.

"ஒண்ணும் இல்லைங்க. சொகமா இருக்கோம்."

"காய்ச்சல்? இருமல்? மூச்சு வாங்குதல்?"

"இல்லைங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

இருபத்தாறு அறைகள். இருபத்தாறிலும் இதே பதில், இதே தேத்தண்ணீர். ஒருத்தி என் கண்ணெதிரே மூன்று தடவை இருமிவிட்டு, இருமல் இல்லை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளதைச் சொல்ல என்ன கேடு இவர்களுக்கு? உதவி செய்ய வந்தவளை இப்படியா விரட்டுவது? கணக்கப்பிள்ளையோ பெருமையில் மிதந்தார். "பாத்தீங்களா மிஸ்? நம்ம மலையில நோய் நொடி கெடையாது. செக்ரோலைப் பாருங்க, எல்லாருக்கும் முழுப் பேர்."

இதை விளக்க வேண்டும். கொழுந்து குறித்த றாத்தலுக்கு இருந்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். அதுதான் சம்பளம், அதை வைத்துத்தான் அரிசி. செக்ரோல் என்பது பேர் பதியும் புத்தகம். அந்தப் புத்தகத்தில் எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். என் படிவங்கள் வெறுமையாக இருந்தன. இப்படியே கொண்டுபோனால் வேன் மேல் கணக்கை எட்டியும் பார்க்காது.

இரவு லயத்தில் காலியாகக் கிடந்த ஓர் அறையில் படுத்தெழுந்து, புதன்கிழமை காலை வீம்புக்கென்று அவர்களோடு மலைக்குப் போனேன். ஆறரைக்குப் பனி இன்னும் விலகவில்லை. இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, தலையிலிருந்து கயிற்றில் தொங்கும் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு நிரை. அதாவது, இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவில் ஒருத்தி. கீழிருந்து மேலாகப் பறித்துக்கொண்டு ஏற வேண்டும். எனக்கும் ஒரு நிரை கொடுத்தார்கள். வீராயி என்ற பெண்ணின் பக்கத்து நிரை. நாற்பது வயதிருக்கும், வாய் துடுக்கு. "அம்மா, கொழுந்தைக் கிள்ளச் சொன்னா செடியையே மொட்டையடிக்கிறீங்களே!" என்று அவள் சொன்னதற்கு மலையே சிரித்தது.

ஆனால் அந்தக் கைகளை நான் பார்த்தேன். இரண்டு கையும் தனித்தனியாக யோசிக்கின்றன. பார்வை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், விரல்கள் அதுபாட்டுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, நிரம்பியதும் தோளுக்கு மேலே பின்னால் வீசுகின்றன. ஒரு இலை கீழே விழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதே உண்மை.

அப்படி நின்றதால்தான் அது கண்ணில் பட்டது. வீராயிக்கு அந்தப் பக்கத்து நிரையில் அங்கம்மா என்ற சின்னவள். ஏழு மாத வயிறு. நாலு செடிக்கு ஒரு தடவை நின்றாள். வீராயி ஒரு கைப்பிடியைத் தன் கூடையில் போட்டாள். அடுத்த கைப்பிடியைச் செடிக்கு மேலாக எட்டி அங்கம்மாவின் கூடையில் போட்டாள். தவறிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து நான் கத்தினேன்: "அக்கா, உங்கள் கூடை இல்லை அது!"

மலை கப்சிப்பென்று ஆகிவிட்டது. வீராயி என்னைப் பார்த்த பார்வையில் நான் செடிக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

பத்து மணித் தேத்தண்ணீருக்கு உட்கார்ந்தபோது அவளே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "சத்தம் போடாதீங்கம்மா. கணக்கப்புள்ள காதுல விழுந்தா ரெண்டு பேருக்கும் பேர் கெடையாது" என்று ஆரம்பித்தாள். அங்கம்மாவுக்கு இரண்டு மாதமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. போன தடவை குறுக்கு வழியில் தூக்கிக்கொண்டு இறங்கும்போதே பிள்ளை பிறந்து, அங்கேயே போய்விட்டது. தாயைப் பிழைக்க வைத்ததே பெரும்பாடு. "இந்தத் தடவ என்னவோன்னு எங்களுக்கெல்லாம் வயித்தில நெருப்பா இருக்கு. படுத்தா பேர் போயிரும், பேர் போனா அரிசி போயிரும். அதுக்குத்தான் இந்தப் பக்கம் நான் ஒரு கை, அந்தப் பக்கம் இருக்கிறவ ஒரு கை."

"பக்கத்திலேயே நின்று வேலை வாங்குகிற கங்காணிக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அவரு அந்தப் பக்கம் திரும்பி வெத்தல போட்டுக்கிட்டு இருப்பாரு."

அங்கம்மா மட்டும் இல்லை. அந்த மலையில் முடியாதவள் ஒவ்வொருத்தியின் கூடையிலும் பக்கத்து நிரைக்காரிகளின் கை விழுந்துகொண்டிருந்தது. சாயங்காலம் தராசில் தொங்கும்போது எல்லாக் கூடையும் ஒரே நிறை. எல்லோருக்கும் முழுப் பேர். எல்லோரும் சொகம்! கணக்கப்பிள்ளை சொன்னதும் பொய்யில்லை. என் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தால் குறுகிப்போனேன். இத்தனை பெரிய காரியத்தை மூச்சுக் காட்டாமல் செய்துகொண்டிருக்கிறவர்களைப் பார்த்தா நேற்று எரிச்சல்பட்டேன்?

"நான் எப்படிக் கேட்டிருக்க வேண்டும், அக்கா?" என்றேன்.

வீராயி கொஞ்சம் யோசித்தாள். "ஒனக்கு என்ன நோவுன்னு கேட்டா எவ சொல்லுவா? நீ யாரு கூடையில போடுறேன்னு கேளுங்க. அதைச் சொல்லுவாளுக."

முப்பத்தொரு கேள்வியையும் பையில் போட்டேன். அன்று சாயங்காலம் பீலிக்கரையில், தண்ணீர் விழும் குழாயடியில், கணக்கப்பிள்ளை இல்லாமல், இந்த ஒரே கேள்வியோடு உட்கார்ந்தேன். வீராயியே ஒவ்வொருத்தியையும் அழைத்து வந்தாள். அப்புறம் நான் எழுதிய எழுத்துக்குக் கை ஓயவில்லை. யாருக்கு எந்த மாதத்திலிருந்து முடியவில்லை, யார் எந்த வளைவு வரை ஏறிவிட்டு நிற்கிறாள், யாருக்குக் கண் கீழ்த்தோல் வெளுத்திருக்கிறது, யாருக்கு மத்தியானம் தவறாமல் காய்ச்சல் வருகிறது, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருடம் நான் படித்த படிப்பில் இப்படி ஒரு நோயாளியைக் கவனிக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெயர் எழுதக் கூடாது என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எழுதவில்லை.

வியாழக்கிழமை இருட்டோடு இறங்கி, முதல் பஸ்ஸில் நுவரெலியா போய், வேனுக்குப் பொறுப்பான டாக்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஒழுங்கான மனிதர், ஒழுங்கு மீறிய எதையும் தொடாதவர். என் தாள்களைப் புரட்டினார்.

"பிள்ளை, இது கேள்விக்கதை. ஆக்களின்ரை பேரும் இல்லை. செக்ரோலிலை எல்லாருக்கும் முழுப் பேர் கிடக்கு. வருத்தக்காரர் இவ்வளவு கொழுந்து எடுப்பினமோ?"

விளக்கினேன். கூடைக்குள் கை விழுவதைச் சொன்னேன். நம்பவில்லை. யாருமே அப்படி மாதக் கணக்கில் செய்ய மாட்டார்கள் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்தோ என்னவோ, நாளைக்கு வலப்பனைப் பக்கம் வேனோடு போகிறேன், வழியில் மத்தியான நிறுவைக்கு ஒரு தரம் நின்று பார்க்கிறேன், கண்ணால் கண்டால் நம்புவேன் என்றார்.

மாலையில் பீலிக்கரையில் இதைச் சொன்னேன். தராசில் என்ன தெரியப் போகிறது? எல்லாக் கூடையும் நிறைந்திருக்கும். வேன் வலப்பனைக்குப் போய்விடும்.

அங்கம்மாதான் வாயைத் திறந்தாள். அதுவரை அவள் என்னிடம் நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. "நாளைக்கு ஒரு நாள் என் கூடையில யாரும் போடாதீங்க."

"ஏண்டி, ஒனக்குப் பைத்தியமா?" என்று வீராயி பாய்ந்தாள். "வாயும் வயிறுமா இருக்கிறவளப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கச் சொல்றியா? நான் மாட்டேன்."

"போட்டீங்கன்னா அவரு நம்ப மாட்டாருக்கா. ஒரு புள்ளயத்தான் வழியில போட்டுட்டு வந்தேன். இதையும் போடணுமா?"

நான் இடையில் புகுந்து, வேண்டாம், கொழும்புக்கு எழுதுகிறேன், வேறு வழி பார்க்கலாம் என்றேன். "நீங்க எழுதினது போதும்மா" என்றாள் அங்கம்மா. கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் சுருக்கென்று தைத்தது. இன்னொருத்தி எழுந்து, என் கூடையிலும் போடாதீர்கள் என்றாள். பிறகு இன்னொருத்தி. வீராயி முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சம்மதம் என்று அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த மலையில் பேச்சும் இல்லை, கேலியும் இல்லை. நிரைகள் மெதுவாகக் கோணலாயின. நன்றாக இருக்கிறவர்கள் மேலே ஏறிப் போய்விட்டார்கள். முடியாதவர்கள் அங்கங்கே பின்தங்கினார்கள். இத்தனை நாளும் ஒரே கோடாக ஏறிய வரிசை எங்கே எங்கே உடைந்திருந்தது என்று மலைச்சரிவே காட்டியது. எல்லோருக்கும் கீழே அங்கம்மா தனியாக நின்றாள். வீராயியின் கை இரண்டு தடவை கைப்பிடிக் கொழுந்தோடு அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன். இரண்டு தடவையும் திரும்பித் தன் கூடைக்கே வந்தது.

மத்தியான நிறுவைக்கு டாக்டர் சொன்னபடி வந்தார். தராசுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். முதல் கூடைகள் நிறையாக இருந்தன. பிறகு ஒன்று பாதி. அடுத்தது பாதிக்கும் கீழே. அங்கம்மாவின் கூடையைத் தூக்கியபோது கணக்கப்பிள்ளை ஒரு கையாலேயே தூக்கிவிட்டார். அடியில் கால்வாசி கூட இல்லை.

"தராசுல கோளாறு" என்றார். கொக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி நிறுத்தார். அதே நிறை. படிக்கல்லை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் தடவையும் நிறுத்தார். பிறகு பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். இருபது வருடமாகத் தன் கையால் எழுதிய புத்தகத்தில் என்ன எழுதிக்கொண்டிருந்தோம் என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் கூடைக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அங்கம்மாவைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்தார். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. முழங்காலில் உட்கார்ந்து அவளுடைய காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, எழும்பவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

"இப்ப நம்புறீங்களாய்யா?" என்று கேட்டாள் அங்கம்மா.

அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "ஓம் பிள்ளை. வேனிலை ஏறு" என்றார். அவள் நகராமல் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தையே பார்த்தாள். "பேர் போட்டாச்சு, போ தாயி" என்றார் அவர், எழுதிக்கொண்டே. மற்றக் குறைக் கூடைக்காரிகளுக்கும் அன்று முழுப் பேர்தான் எழுதினார். வேன் வலப்பனைக்குப் போகவில்லை, வண்டிப் பாதையில் திரும்பி நேராக நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கம்பளி அவசியம், பத்து மணி வரை பல் கிட்டும். அட்டை கடிக்கும், உப்பைத் துணியில் முடிந்துகொள்ளுங்கள். ராகலையிலிருந்து நுவரெலியாவுக்கு முதல் பஸ் ஐந்தரைக்கு, அறுபது சதம். வேன் இப்போது ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை மேல் கணக்குக்கு வருகிறது. வண்டிப் பாதையில் அதோடு ஏறிவிடலாம், வீராப்பாகக் குறுக்கு வழியில் போகாதீர்கள். லயத்துக்கு அதிகாரியோடு போகாதீர்கள். கேள்வித்தாள் கொண்டுபோனால் பரவாயில்லை, ஆனால் என்ன கேட்பது என்று அவர்களிடமே முதலில் கேளுங்கள். கேட்டதை எழுதலாமா என்றும் கேளுங்கள். தேத்தண்ணீரை மறுக்காதீர்கள்.

அங்கம்மாவுக்குச் சித்திரையில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. புடவைக் கடைக்காரர் கடிதம் போட்டிருந்தார். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்ததாம், இன்னும் ஒரு வாரம் மலையில் நின்றிருந்தால் இருவருமே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். பார்க்காமல் இருக்க முடியவில்லை, போன வாரம் மறுபடி போனேன். வேனுக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வீராயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையை அதட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்குத்தான் பெரிய கஷ்டம் கொடுத்துவிட்டேன் அக்கா என்றேன். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"முப்பது வருசமா கொழுந்து எடுக்கிறேம்மா. கை வலிச்சது அன்னைக்கு ஒரு நாள்தான்."